மூன்று ஆண்டுகள் மட்டும் ஓடிய முதல் டிரைவ்-இன்

அன்புள்ள கோபாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி மிகுந்த மகிழ்ச்சியளித்தது. இங்கு அனைவரும் நலம். சென்னை ஈஞ்சம்பாக்கத்தின் பிரார்த்தனா டிரைவ்-இன் அரங்கில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்த்ததை எழுதிவிட்டு, இந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர் யார் என்று கேட்டிருந்தாய். அண்மையில் அதைப் பற்றி விரும்பிப் படித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் பெயர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், குடும்பத்தாரின் வாகனப் பொருள் வணிகத்தில் இருந்தவர். ஊரெங்கும் வேலையில்லாத பெருமந்தக் காலத்திலும் மக்கள் காரையும் சினிமாவையும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள் என்று அவர் கணித்தார். ரிவர்ட்டனில் தம் வீட்டு வாசலில் காரின் முன்மூடி மேல் புரொஜெக்டரை வைத்து, மரங்களுக்கிடையே துணியைக் கட்டி, அதன் பின்னே வானொலியை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். மழை பெய்தால் படம் தெரியுமா என்று அறிய, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் குழாயைக் கார்மீது திருப்பினார். முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே என்ற சிக்கலுக்கு, முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து, எவ்வளவு உயர்த்தினால் போதும் என்று அளந்து விடை கண்டார். அந்தக் கட்டைகள்தாம் பின்னர், அரங்கில் கார்களின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தும் மண்மேடுகளாயின. அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன்.

1933 மே மாதம் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜூன் 6 அன்று கேம்டன் நகரை ஒட்டிய பென்சாக்கனில் அரங்கு திறக்கப்பட்டது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். எத்தனை பேர் வந்தாலும் ஒரு காருக்கு ஒரு டாலருக்கு மேல் இல்லை. குழந்தைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் குடும்பத்தோடு வரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். கைக்குழந்தையோடு தியேட்டருக்குப் போய்ப் பாதிப் படத்தில் வெளியே வந்து நின்ற எந்தத் தாய்க்கும் அதன் அருமை தெரியும்.

ஆயினும் அது மூன்று ஆண்டுகளே ஓடியது. திரையருகே பொருத்திய பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் அளவில்தான் செல்லும் என்பதால், கடைசி வரிசைக் காருக்கு உதட்டசைவு முதலிலும் வசனம் பிறகும் வந்தன. அக்கம்பக்கத்தாருக்கோ அது இரவுநேர இரைச்சல். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, காருக்குள் வைக்கும் ஒலிபெருக்கி 1940களில்தான் வந்தது. இதைவிடப் பெரிய அடி படவாடகை. முதல் நாள் திரையிட்டதே, பிரிட்டனில் முந்தைய ஆண்டு வெளிவந்த படம்தான். பழைய படத்துக்கே அதிக வாடகை கேட்கப்பட்டபோது, இருட்டிய பிறகே காட்சி தொடங்கக்கூடிய ஓர் அரங்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்? ஹாலிங்ஸ்ஹெட் அதை விற்றுவிட்டார்.

1934இல் பென்சில்வேனியாவில் திறந்த ஷாங்க்வைலர் அரங்கு இந்த நூற்றாண்டிலும் படம் காட்டியது என்பதை எண்ணும்போது, முன்னோடியின் நிலை எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவருடைய காப்புரிமையும் 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் செல்லாமற்போனது. ஐம்பதுகளின் இறுதியில் அமெரிக்காவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவ்-இன் அரங்குகள் இருந்தன. அவர் அளந்து கண்ட அதே மேடுகளில்தான் கார்கள் நின்றன.

பிரார்த்தனாவில் உனக்கு ஒலி எப்படிக் கேட்டது என்பதை அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுது.

அன்புடன்,
சுந்தரம்