பெஞ்ச் பிரஸ் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் உடல்வலிமை குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலகையில் மல்லாந்து படுத்து, எடையை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் ஒருவர் எத்தனை முறை தூக்குகிறார் என்பதை வைத்தே அவருடைய ஆட்டத்திறனைக் கணித்துவிடலாம் என்ற அதன் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

இண்டியானாபொலிஸில் நடக்கும் என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) தேர்வு முகாமில், 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ எடையை மல்லாந்து படுத்தபடி தூக்கச் சொல்கிறார்கள். 1999-இல் ஜஸ்டின் எர்னஸ்ட் அதை 51 முறை தூக்கினார், ஆனால் என்.எஃப்.எல். லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

களத்தில் ஒரு நகர்வு பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். முன்வரிசையில் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கும் லைன்மேன் எனப்படும் வீரர், பந்து நகர்ந்த மாத்திரத்தில் எழும்பி, எதிராளியின் மார்புக் கவசத்தில் உள்ளங்கைகளைப் பதித்து, அவரைவிடத் தாழ்வாக நின்று மேல்நோக்கித் தள்ள வேண்டும். அந்த விசை பாதத்தில் தொடங்கி, தொடை, இடுப்பு, முதுகு வழியாகவே கைக்கு வந்து சேர்கிறது. பலகையில் படுத்திருப்பவருக்கோ இடுப்புக்குக் கீழே அதிக வேலையில்லை. எவ்வளவு விசை என்பதோடு, அது எவ்வளவு விரைவில் வெளிப்படுகிறது என்பதும் சேர்ந்ததே ஆற்றல். தரையிலிருந்து எடையை ஒரே வீச்சில் தோளுக்குத் தூக்கும் பவர் கிளீன் பயிற்சியும், நின்ற இடத்திலிருந்து எம்பும் சோதனையும் அதைத்தான் காட்டுகின்றன.

தற்காப்பு லைன்மேனாக ஆடிய ஏரன் டொனால்டையே பாருங்கள். 2014 முகாமில் அவர் தூக்கியது 35 முறை. ஆனால் 285 பவுண்டு உடலோடு 40 யார்டு தூரத்தை 4.68 விநாடிகளில் கடந்தார். தாம் ஆடும் இடத்துக்கு உயரம் போதாது என்று கருதப்பட்ட அவர், பின்னாளில் மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றார்.

பளுப்பயிற்சி வேண்டாம் என்பது என் வாதமன்று. எடை தூக்கினால் வேகம் குறைந்துவிடும் என்று பயிற்சியாளர்கள் அஞ்சிய காலத்தில், 1969-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்லியை வலிமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. அடித்தளமான வலிமை இல்லாமல் ஆற்றல் வளராது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இங்கு டெக்சாஸில் பள்ளி அணிகளில் ஆடும் நம் பிள்ளைகள் பலரும், அவர்களுடைய பெற்றோரும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். மார்புத் தசையை மட்டும் வளர்த்துக்கொண்டு, எடையைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டையும் தாண்டுதல் பயிற்சியையும் அவர்கள் கைவிட்டுவிடக் கூடாது என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன். கால், இடுப்புப் பயிற்சிகளை விளக்கும் கட்டுரை ஒன்றையும், தகுதிபெற்ற பயிற்சியாளர் ஒருவரைக் கொண்டு, அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெக்சாஸ் வாசகர் ஒருவர்