டீசலை எங்கே அடிப்பது என்பதை வண்டிக்காரர் முடிவு செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டீசல் விலை ஏறும்போதெல்லாம் லாரித் தொழிலைப் பற்றிச் செய்தி வருகிறது. வாடகை உயரும், காய்கறி விலை உயரும், சங்கங்கள் ஸ்டிரைக் அறிவிக்கும் என்று எழுதுகிறீர்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் ஒரு வண்டியோ இரண்டு வண்டியோ வைத்துக்கொண்டு தானே ஸ்டியரிங் பிடிக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்த டீசலை எங்கே, எப்படி, யார் பணத்தில் வாங்குகிறோம் என்பதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. வாடகையில் பாதிக்கு மேல் டீசலுக்கே போகிற தொழில் இது. லிட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சமானால் அந்த மாத பைனான்ஸ் டியூவைக் கைமாற்று வாங்காமல் கட்டலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வெட்டாமல் போட வேண்டுகிறேன்.

டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கில் வாட் போடுகிறது. தமிழ்நாட்டில் 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். ஆந்திராவில் 22.25 சதவீதம், அதற்கு மேல் 4 ரூபாய், அதற்கும் மேல் சாலை வரி 1 ரூபாய். தெலங்கானாவில் 27 சதவீதம். இப்போது சேலத்தில் நாக்பூருக்கு லோடு ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், பெங்களூரு தாண்டி ஆந்திர எல்லைக்கு முன்னால் கர்நாடகத்தின் கடைசி ஊர் பாகேபள்ளி. அதற்குப் பிறகு அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், அடிலாபாத் என்று போய் பென்கங்கா ஆற்றைக் கடந்தால்தான் மகாராஷ்டிரம், ஏறக்குறைய 800 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு இந்தத் தூரத்துக்கு 230 லிட்டர் போதும். 350 லிட்டர் டேங்க் உள்ள வண்டி, டீசல் மலிவாக இருக்கிற பாகேபள்ளியில் முழுதாக நிரப்பிக்கொண்டால் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஒரு சொட்டு வாங்காமல் மகாராஷ்டிரத்தில் இருக்கிற பண்டர்கவடா போய்விடலாம், அங்கே மறுபடி நிரப்பலாம். லிட்டருக்கு 6 ரூபாய் வித்தியாசம் என்று பிடித்தால் ஒரு வழிக்கே 1,380 ரூபாய். திரும்பி வரும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிரப்பிக்கொண்டு இறங்கினால் அதே கணக்குதான். சேலத்தில் கிளம்பும்போது பாகேபள்ளி வரைக்கும் தேவையான நூறு லிட்டர் இருந்தால் போதும்.

இது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை, லைனில் ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பழக்கத்தில் செய்கிறவர்கள் அதிகம், கணக்குப் பார்த்துச் செய்கிறவர்கள் குறைவு. கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் மத்திய அரசு கலால் வரியை 10 ரூபாய் குறைத்தபோது கர்நாடகமும் தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது, தமிழ்நாடு டீசலில் கை வைக்கவில்லை. அப்போதிலிருந்து ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் போய் அடிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2024 மே மாதம் பெங்களூரில் 86 ரூபாய்க்குள் இருந்தது, சென்னையில் 92க்கு மேல், அதனால் அது நியாயமான வழக்கம்தான். அப்புறம் 2024 ஜூனில் கர்நாடகம் வரியை ஏற்றி 3 ரூபாய் கூடியது, 2025 ஏப்ரலில் இன்னும் 2 ரூபாய் கூடி 91ஐத் தொட்டது. வித்தியாசம் அப்படிச் சுருங்கிய பிறகும் டேங்கைக் காய விட்டு, ரிசர்வில் உருட்டிக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்களைப் பார்க்கிறேன். டேங்க் அடியில் இருக்கிற கசடும் தண்ணீரும் பில்டருக்கு வந்தால் அந்த ஒரு ரூபாய் மிச்சம் எங்கே போகும்? இன்னொன்று, மலிவு பங்குக்காகப் பாதையை விட்டுப் போக வர 10 கிலோமீட்டர் சுற்றினால் மூன்று லிட்டர் அதிலேயே எரிந்துவிடும், 270 ரூபாய் கணக்கு. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு அந்தச் சுற்று வேண்டியதே இல்லை.

விலை ஏறப் போகிறது என்று வாட்ஸ்ஆப்பில் வதந்தி வந்தால் ராத்திரியே பங்கில் வரிசை கட்டுகிறோம். 2022 மார்ச் 22ஆம் தேதியிலிருந்து 16 நாளில் 10 ரூபாய் ஏறியதே, அந்தச் சமயத்தில்கூட முன்கூட்டி நிரப்பியவருக்கு லாபம் ஒரே ஒரு டேங்க்தான், அது மூன்று நாளில் தீர்ந்துவிடும். நேரம் பார்த்து வாங்குவதில் கிடைப்பது ஒரு தடவை, இடம் பார்த்து வாங்குவதில் கிடைப்பது ஒவ்வொரு நடைக்கும். அந்த 16 நாளில் எங்களை உண்மையாக அடித்தது பேசி முடித்த வாடகை. பெரிய கம்பெனிகள் பெரிய டிரான்ஸ்போர்ட்டுகளோடு போடும் ஒப்பந்தத்தில் டீசல் விலைக்கேற்ப வாடகை மாறும் ஷரத்து இருக்கிறது. அந்த டிரான்ஸ்போர்ட் தனக்கு வண்டி பற்றாமல் வெளியில் நம் வண்டியைப் பிடிக்கும்போது அந்த ஷரத்து நமக்கு வந்து சேர்வதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கெல்லாம் பாகேபள்ளியில் நிற்கும்போது கையில் பணம் இருந்தால்தான் செல்லும். 250 லிட்டர் அடிக்க 22,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். லோடு ஏற்றும்போது, லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸில் வாடகையில் ஒரு பங்கை அட்வான்ஸாகத் தருகிறார்கள், மீதி லோடு இறக்கி ரசீது போய்ச் சேர்ந்த பிறகு. அந்த அட்வான்ஸையும் முழுதாகப் பணமாகத் தருவதில்லை, பாதியை டீசல் சீட்டாகத் தருகிறார்கள், இந்தப் பங்கில்தான் அடிக்க வேண்டும் என்று எழுதி. அந்தப் பங்கு நமக்கு மலிவான இடத்திலா இருக்கிறது? அவர்களுக்குக் கடன் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு ஆபீஸில் ஆந்திராவுக்குள் இருக்கிற பங்குக்குச் சீட்டு கொடுத்தார்கள். பணமாகக் கொடுங்கள் என்று கேட்டதற்கு இரண்டு சதவீதம் பிடித்துக்கொண்டு தருவதாகச் சொன்னார்கள். சீட்டோடு பங்குக்குப் போனால் அச்சடித்த பில் கிடையாது, கையில் எழுதிய துண்டுதான். அளவு பார்க்கவா முடியும், டென்சிட்டி (டீசலின் அடர்த்தி) கேட்கவா முடியும்? கேட்டால், சீட்டு கொடுத்த ஆபீஸில் கேளுங்கள் என்கிறார்கள். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை, சங்ககிரி, நாமக்கல், கரூர் பக்கம் எந்த ஓனர் டிரைவரைக் கேட்டாலும் இதில் ஒரு கதை இருக்கும். நம் உழைப்புக்கு வர வேண்டிய அட்வான்ஸை யாருடைய கடனுக்கோ ஈடு கட்டுகிறார்கள், எனக்கு இதில்தான் கோபம்.

பணத்தைக் கொடுத்து வாங்குகிற இடத்தில் நமக்கு உரிமைகள் இருக்கின்றன. பங்கில் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுக் கேன் இருக்க வேண்டும், கேட்டால் நம் கண் முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும், 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. அன்றைய டென்சிட்டியை எழுதி வைத்திருக்க வேண்டும், டேங்கர் இறக்கியபோது இருந்த அளவுக்கும் அதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேள்வி கேட்கலாம். லாரி டேங்கில் டீசல் நுரைத்துக்கொண்டு ஏறும், நாசில் பாதியிலேயே கட் ஆகும், பையன் மறுபடி அமுக்குவான், மறுபடி கட் ஆகும். அந்த நேரத்தில்தான் இன்னொருவர் வந்து காற்று பார்க்கட்டுமா, கண்ணாடி துடைக்கட்டுமா என்று பேச்சுக் கொடுப்பார். கேபினை விட்டு இறங்கி, மீட்டருக்கு எதிரில் நின்று, ஜீரோ பார்த்து, ரூபாயில் கேட்காமல் லிட்டரில் கேட்டு அடியுங்கள், நடுவில் நாசிலைத் தொங்கவிட்டு மறுபடி தொடங்கினால் மீட்டரில் என்ன இருந்தது என்பதை ஞாபகம் வையுங்கள். அதிகாலையில் அடித்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை விட்டுவிடலாம். பூமிக்கடியில் இருக்கிற தொட்டியில் பகலுக்கும் இரவுக்கும் சூடு பெரிதாக மாறுவதில்லை.

வடக்கே போகிறவர்கள் ரோட்டோரத்தில் பயோ டீசல் என்று 10, 15 ரூபாய் குறைத்து விற்பதைத் தொடவே வேண்டாம். பழைய வண்டி தாங்கியிருக்கலாம், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டி தாங்காது. இன்ஜெக்டர் போனால் செலவு ஆயிரங்களில் நிற்காது, ஊர் பேர் தெரியாத இடத்தில் லோடோடு நிற்க வேண்டிவரும்.

எண்ணெய் கம்பெனிகளின் டீசல் கார்டுகளை, அதாவது எக்ஸ்ட்ராபவர், ஸ்மார்ட்ஃப்ளீட், டிரைவ் டிராக் பிளஸ் போன்றவற்றை, பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். ஒரு வண்டிக்கும் வாங்கலாம். அதில் கிடைக்கிற பாயின்ட் சொற்பம்தான், அதற்காக வாங்க வேண்டாம். ஆனால் அட்வான்ஸை நேராக அந்தக் கார்டில் போடச் சொல்லலாம். டீசலுக்குத்தான் கொடுக்கிறோம் என்கிற நிச்சயம் புக்கிங் ஆபீஸுக்குக் கிடைக்கும், எந்த ஊர் பங்கில் அடிப்பது என்பது நம் கையில் இருக்கும், அச்சடித்த பில்லும் வரும். சீட்டு கொடுப்பவர்கள் சொல்லும் ஒரே காரணம் டிரைவர் பணத்தை வேறு செலவு செய்துவிடுவார் என்பது. ஓனரே டிரைவராக இருக்கும்போது அந்தக் காரணமே பொருந்தாது, சம்பள டிரைவர் ஓட்டினாலும் கார்டு என்றால் அந்தக் காரணம் அடிபட்டுப் போகிறது.

லாரி உரிமையாளர் சங்கங்கள் வாடகை, டோல்கேட், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் என்று போராடுகின்றன, நன்றி. அடுத்த கூட்டத்தில் டீசல் சீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் வங்கிக் கணக்கிலோ கார்டிலோதான் வர வேண்டும், பிடித்தம் இல்லாமல், என்று புக்கிங் ஆபீஸ்களோடு ஊர் ஊராகப் பேசி முடிக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தினமும் முதல் பக்கத்தில் சென்னை டீசல் விலையை மட்டும் போடுகிறீர்கள். சேலம், நாமக்கல் பதிப்புகளிலாவது அதன் கீழே ஓசூர், பாகேபள்ளி, கர்னூல், பண்டர்கவடா, கேரளா பக்கம் போகிறவர்களுக்குப் பாலக்காடு, கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குப் புதுச்சேரி, இந்த ஆறு ஊர் விலையையும் ஒரே வரியில் போட்டால் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டே எங்கே நிரப்புவது என்று முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
ஓனர் டிரைவர் ஒருவர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.