நீங்கள் வரலாமா, கூடாதா

வென்ட்வொர்த்வில், சிட்னி
17.10.2021

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் நலம். வெள்ளிக்கிழமை போனில் நான் அழுததைக் கேட்டு அம்மா பயந்துபோனாள் என்று தம்பி சொன்னான். பயப்பட ஒன்றுமில்லை, நடந்தது இதுதான்.

அன்று காலை இந்த மாநிலத்தின் புது முதல்வர் பெரோட்டே டிவியில் வந்தார். நவம்பர் 1 முதல் இரண்டு கொரோனா ஊசியும் போட்ட யாரும் சிட்னிக்கு வரலாம், வந்ததும் தனிமைப்படுத்த ஹோட்டலில் அடைத்து வைக்கமாட்டோம் என்றார். டீ ஆறுவதுகூடத் தெரியாமல் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பிரதமர் மாரிசன், யார் வரலாம் என்பதை மத்திய அரசுதான் முடிவு செய்யும், முதலில் குடிமக்களும் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) உள்ளவர்களும் அவர்கள் குடும்பமும் மட்டும்தான் என்றார். அவர்கள் கணக்கில் அப்பா அம்மா இதுவரை குடும்பத்தில் சேர்த்தியில்லை. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான், இனி பெற்றோரையும் குடும்பமாகச் சேர்ப்போம் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அழுதது அதற்குத்தான்.

ஊசி விஷயத்திலும் இப்படித்தான் எங்களை அலைக்கழித்தார்கள். உங்களுக்குப் போட்ட கோவிஷீல்டைத்தான் இங்கே ஆஸ்ட்ராஜெனிகா என்கிறார்கள். அரிதாக ரத்தம் உறைகிறது என்று ஏப்ரலில் 50 வயதுக்குக் கீழே ஃபைசர் என்ற இன்னொரு ஊசிதான் நல்லது என்றார்கள், ஜூன் 17-ல் அதை 60 ஆக்கினார்கள். 11 நாள் கழித்து, 40-க்குக் கீழே இருப்பவர்களும் டாக்டரிடம் பேசி ஆஸ்ட்ராஜெனிகா போட்டுக்கொள்ளலாம் என்றார் பிரதமர். இரண்டே நாளில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைமை சுகாதார அதிகாரி, இளைஞர்கள் அதைப் போடவேண்டாம் என்றார். இதற்குள் சிட்னியில் டெல்டா வகை கொரோனா பரவி ஊரடங்கு வந்துவிட்டது. ஜூலை 24-ல், சிட்னியில் 18 வயது நிரம்பிய எல்லாரும் எந்த ஊசி கிடைத்தாலும் போட யோசியுங்கள் என்று, ஊசி பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவே சொன்னது. எனக்கு 36 வயது. ஜூனில் என்னைத் திருப்பி அனுப்பிய அதே கிளினிக்கில், அதே வரவேற்பு மேசைப் பெண் ஆகஸ்டில் என்னை உட்காரவைத்து ஆஸ்ட்ராஜெனிகா போடவைத்தாள். அவளைச் சொல்லி என்ன பயன்?

நோய் பரவும் வேகத்தைப் பார்த்து ஆலோசனை மாறுவது நியாயம்தான் அப்பா. ஏன் மாறியது என்பதை எல்லாரும் ஒரே குரலில், புரியும்படி சொல்லியிருக்கவேண்டும். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து ஆச்சிக்கு 71 வயது, மார்ச் கடைசியிலேயே போட்டிருக்கலாம். "இண்டைக்கு ஒண்டு சொல்லுவினம், நாளைக்கு வேற சொல்லுவினம் பிள்ளை" என்று செப்டம்பர் வரை தள்ளிப்போட்டார். காய்கறி வாங்கி அவர் வாசலில் வைத்துவிட்டு, கதவு திறக்கும்வரை ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஊரடங்கில் எங்கள் பகுதிக்குக் கட்டுப்பாடும் கூடுதலாக இருந்தது. வீட்டைச் சுற்றி 5 கிலோமீட்டர் தாண்டக்கூடாது, ராத்திரி 9 மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது, வாசலில் இறங்கினாலே மாஸ்க் என்று வைத்திருந்தார்கள். கடற்கரைப் பக்கத்தில் ஜனங்கள் வெயில் காய்வதை டிவியில் காட்டினார்கள். சின்னவள், "அவங்களுக்கு மட்டும் கொரோனா வராதாம்மா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மே மாதத்தை என்னால் மறக்கமுடியாது. இந்தியாவிலிருந்து திரும்பினால் சொந்தக் குடிமக்களுக்கே ஐந்து வருஷம் வரை ஜெயில் என்று 12 நாள் சட்டம் வைத்திருந்தார்கள். உங்களுக்கு மூச்சுத்திணறல் என்று தம்பி போன் செய்தது அந்த நாட்களில்தான். அதனால்தான் வாய்வார்த்தையை நம்பாதீர்கள் என்கிறேன். எழுத்தில் உத்தரவு வரும்வரை டிக்கெட் போடவேண்டாம்.

கோவிஷீல்டை ஏற்கலாம் என்று அக்டோபர் 1-ல் சொல்லிவிட்டார்கள், அது பெரிய நிம்மதி. ஒரு வேலை மட்டும் பாக்கி. உங்கள் ஊசிச் சான்றிதழில் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுதாக இருக்கிறது. தம்பியை விட்டு இந்த வாரமே திருத்தச் சொல்லுங்கள்.

அம்மா நாரத்தங்காய் ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாளாமே. போடட்டும் அப்பா, தடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்