செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருடம் நாம் பார்த்த ஊசிப் புத்தகங்கள்

தலைவர் அவர்களுக்கும், மழையிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டு, தமிழ்ப்பள்ளி கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு வேலை), மாரியம்மன் திருவிழா நீர்மோர்ப் பந்தல், தீபாவளி அரிசி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு எட்டு முறை கூடியது. மூன்று முறை ஆள் போதாமல் கலைந்தோம். அதில் இரண்டு, பிள்ளைகளின் தடுப்பூசிகளைப் பதிந்து வைக்கும் ஊசிப் புத்தகங்களைப் பார்க்கும் வேலைக்காக நான் கூட்டியவை.

"ஊசி போடுவது கிளினிக் வேலை, சங்கத்துக்கு எதற்கு?" என்று போன வருடம் கேட்டார்கள். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். 1979இல் என் பெரியக்கா இரண்டு மாதம் முழுகாமல் இருந்தபோது உடம்பில் லேசாகச் சிவப்பு தடித்து மூன்று நாளில் போய்விட்டது. பிறந்த பையனுக்குக் கண்ணில் வெள்ளை, காதும் கேட்கவில்லை. கிரகணத்தில் வெளியே போனாள் என்று பாட்டி சாகும்வரை அக்காவைத்தான் குறை சொன்னார். அது ருபெல்லா, அதாவது ஜெர்மன் அம்மை என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. 1941இலேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம், எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ருபெல்லா வந்தால் 100க்கு 90 வரை குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ருபெல்லா தடுப்பூசி போடக்கூடாது. கர்ப்பமாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். அதனால்தான் கல்யாணம் நிச்சயமான வீட்டுக்கெல்லாம் போய்ப் பேசினேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை, தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வாழ வந்த இரண்டு மருமகள்களுக்கு ஊசி போட்ட நினைவே இல்லை. அங்கே தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கம் 2017இல்தான் தொடங்கியது, அதுவும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. இருவரையும் நானே கிளினிக்குக் கூட்டிப் போனேன். ஒருவர் ஏற்கெனவே கர்ப்பம். ரத்தம் பார்த்ததில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தது. பிள்ளை பிறந்ததும் போட்டுக்கொள்ளலாம், பால் கொடுப்பதற்கும் தடையில்லை என்றார் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி. அதுவரை அம்மை கண்ட வீட்டுப் பக்கம் போக வேண்டாம் என்று அந்த மருமகளின் மாமியாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்து குழந்தைகள். 2016 முதல் நம் மலேசியாவில் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) 9 மாதத்தில் ஒன்று, 12 மாதத்தில் ஒன்று. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் குறைந்துவிடும், தாய்க்கே இல்லையென்றால் பிள்ளைக்கும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் புத்தகம் பார்த்தோம். பெரும்பாலும் முதல் ஊசி இருந்தது, இரண்டாவதுதான் விடுபட்டிருந்தது. அம்மா வேலைக்குத் திரும்பும் நேரம் அது. யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று வீட்டில் பிறப்புப் பத்திரமே இல்லாததால் கிளினிக் வாசலை மிதிக்கப் பயந்தார்கள். பத்திரத்துக்கான மனுவையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தோம்.

தட்டம்மை காற்றில் பரவும். நோயாளி எழுந்து போன அறையிலும் இரண்டு மணி நேரம் வரை ஒட்டக்கூடும். அதைத் தடுக்க 100க்கு 95 பேருக்கு எதிர்ப்பு வேண்டும். அதாவது 20 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர்தான் விடுபடலாம். முதலாம் ஆண்டில் பள்ளியிலேயே போடும் ஊசிக்கான படிவத்தைத் தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அம்மனுக்குப் படையல் போடுங்கள், வேப்பிலை கட்டுங்கள், நானும் கட்டுகிறேன். ஆனால் ஊசியும் போடுங்கள்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகவே உள்ளன; பொருளாளர் வைத்திருக்கும் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். கிளினிக் போன வேன் வாடகையில் ஒரு பகுதி என் கைப்பணம், அது கணக்கில் இல்லை. சந்தா பாதிக்கு மேல் பாக்கி. நான்கு வருடமாகக் கட்டாதவர்கள்தான் ஈமச்சடங்கு நிதிக்கு முதலில் போன் செய்கிறார்கள். இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

தலைமையாசிரியர், கோயில் நிர்வாகம், கிளினிக் மிஸ்ஸிகள், மகளிர் பிரிவு அனைவருக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்த வேலை தொடருமா என்பது என் கையில் மட்டும் இல்லை. முழங்கால் வலியோடு கடைசி லயம் வரை என்னால் நடக்க முடியவில்லை. ஒரு லயத்துக்கு ஒருவர், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் போதும். பெயர் எழுத நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்