வேலுவின் கையை ஒருத்தர் பார்க்கணும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
19.3.2023

அன்புள்ள சேது,

உயிரோடுதான் இருக்கிறேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆளே காணாமல் போய்விட்டான் என்று ஜோசப்பிடம் புலம்பினாயாமே. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன்டா. அந்தக் குளிரில் விரல் மரத்துப்போய்க் கிடந்தபோது ஒரு கும்பிடு போட்டதே பெரிசு. கமலாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பேத்திக்குத் தமிழில் திட்டினால் மட்டும் புரிகிறது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, சந்தோஷம். சீட்டாட்டத்தில் டைமண்டை ஆர்ட்டின் என்று சாதிக்க உனக்கு இனிமேல் சாக்கு இல்லை.

குசலம் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

போன திங்கட்கிழமை காலையில் ஆஸ்கர் அறிவிப்பு. ஊரே நாட்டு நாட்டுக்கு ஆடியது. டீக்கடையில் ஆஸ்கர் வாங்கிய யானைப் படத்தில் வரும் முதுமலை பொம்மன், பெள்ளி பற்றித்தான் பேச்சு. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் பல் லேபில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் "அடிச்சாச்சு!" என்று கத்தியது வேறொன்றுக்கு. சிறந்த அனிமேஷன் படம், கியர்மோ டெல் டோரோவும் மார்க் குஸ்டாஃப்சனும் சேர்ந்து பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி எடுத்த பினோக்கியோ. எனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது என்று நினைத்து லேபில் வேலை பார்க்கும் வேலு, மெழுகு செதுக்கும் கார்வரைக் கையிலிருந்து போட்டுவிட்டு ஓடிவந்தான்.

அந்தப் படத்துப் பொம்மைகளை நான் நேரில் பார்த்தேன், சேது. இரண்டு சாண் தூரத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு. நியூயார்க்கில் மோமா என்று ஒரு மியூசியம், 53-ஆம் தெருவில். மகள் கூப்பிட்டபோது நான் வரமாட்டேன் என்றேன். நவீன ஓவியம் என்றால் உன்னுடைய கும்பகோணம் கண்காட்சி ஞாபகம்தான் வருகிறது. மூன்று கோடு, ஒரு புள்ளி, தலைப்பு 'இருப்பு'. அதன் முன்னால் நின்று நானும் பாஸ்கரும் தலையாட்டியதை நீ இன்னும் பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். "அப்பா, இது பொம்மை செய்வது பற்றி, உங்க வேலை மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லித்தான் இழுத்துப் போனாள். போன டிசம்பர் 11-ஆம் தேதி ஆரம்பித்த கண்காட்சி, ஏப்ரல் 15 வரை இருக்கிறது. படம் முடிந்தபிறகு குப்பைக்குப் போகவேண்டிய பொம்மை, செட்டு, அச்சு, பென்சில் படம், சோதனைக்கு எடுத்த துண்டுப்படம் எல்லாவற்றையும் ஓவியத்துக்குக் கொடுக்கிற மரியாதையோடு வைத்திருக்கிறார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ரத்னாவில் பார்த்த சிந்துபாத் படம்? ஆறு கையில் ஆறு கத்தியோடு காளி சிலை எழுந்து சண்டை போடுமே. உள்ளே மூன்று ஆட்கள் ஒருவன் பின்னால் ஒருவன் நிற்கிறார்கள் என்று நீ சத்தியம் பண்ணினாய். கம்பி கட்டி ஆட்டுகிறார்கள் என்றான் பாஸ்கர். அதற்காக இரண்டு பேரும் பீச்சில் சட்டையைக் கிழித்துக்கொண்டீர்கள். இரண்டும் இல்லை. ரே ஹாரிஹவுசன் என்ற மனுஷர், 1973-இல் வந்த அந்தப் படத்துக்காக, ஒரு சின்னப் பொம்மையின் ஆறு கையையும் துளித்துளியாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தது. அவருடைய பொம்மைகளுக்கு உள்ளே இருக்கும் இரும்பு எலும்புக்கூட்டைக் கடைந்து கொடுத்தது அவர் அப்பா. லேத்து வேலை தெரிந்த அப்பா, பொம்மை ஆட்டுகிற மகன். பாஸ்கர் இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு டீ வாங்கிக் குடித்திருப்பேன்.

கணக்கைக் கேள். சினிமா ஒரு நொடிக்கு 24 படம். ஒரே நிலையை இரண்டிரண்டு முறை எடுத்தால்கூட நொடிக்கு 12 தடவை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு 720. அது ஒரு கை, ஒரு கால் இல்லை. தலை, கண், இமை, விரல், சட்டைமடிப்பு எல்லாம். ஒரு ஆள் ஒரு நாளில் இரண்டு மூன்று நொடிப் படம் எடுத்தாலே பெரிய காரியம். பாதியில் யாராவது மேஜையை இடித்துவிட்டால் தொலைந்தது. அதனால் பொம்மையின் பாதத்தில் மறை வைத்து, செட்டின் தரையில் ஓட்டை போட்டு, அடியிலிருந்து திருகாணியால் முடுக்குகிறார்கள். நடந்து போகிற பொம்மை என்றால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஓட்டை, தாண்டிப் போனதும் அதை அடைக்க வேண்டும்.

இனி நான் சொல்வது உனக்குப் போரடிக்கலாம், எனக்கு அடிக்காது. முதலில் களிமண்ணில் உருவம். அதிலிருந்து அச்சு. அச்சுக்குள் எலும்புக்கூட்டைப் படுக்கவைத்துச் சிலிக்கான் ஊற்றுகிறார்கள். எலும்புக்கூட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, பந்துக்கிண்ண மூட்டு, அதேதான். திருகை இறுக்கினால் கை அசையாது, தளர்த்தினால் தொங்கிவிடும். எங்கே நிறுத்தினாயோ அங்கே நிற்க வேண்டும். அந்த இறுக்கம் கைக்குத்தான் தெரியும், அளவுகோலுக்குத் தெரியாது. இந்தப் பொம்மைகளில் பலவற்றைச் செய்தவர்கள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் மெக்கின்னன் அண்ட் சாண்டர்ஸ் என்கிற பட்டறைக்காரர்கள். 2005-இல் வந்த கார்ப்ஸ் பிரைட் படத்துக்கு இவர்களே செய்த பொம்மைகளுக்குத் தலைக்குள் குட்டிப் பல்சக்கரங்கள். காதுக்குள் ஆலன் கீ என்கிற சின்ன முடுக்குச் சாவியை விட்டுத் திருகினால் உதட்டோரம் ஒரு மயிரிழை தூக்கும். சோகமாக இருந்த முகம் லேசாகச் சிரிக்கும்.

பினோக்கியோவுக்கு மட்டும் அப்படி இல்லை. அவன் மரப்பயல், முகம் விறைப்பாக இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முகபாவத்துக்கும் தனி முகத்தை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்து, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிறார்கள். 'அ' சொல்ல ஒரு வாய், 'ஓ' சொல்ல ஒரு வாய். அதைப் பார்த்ததும் என் மேஜை டிராயரில் கிடக்கும் ஷேட் கைடுதான் நினைவுக்கு வந்தது, ஏ1-இலிருந்து டி4 வரை பதினாறு நிறத்தில் வரிசையாக நிற்கும் பல். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலுக்கு நின்ற அம்மாள் முறைத்தாள்.

இன்னொன்று. அந்தப் பையனுக்கு ஒரு காதுதான். முதுகில் ஆணி துருத்திக்கொண்டிருக்கும். குண்டு விழுந்து செத்துப்போன மகனுக்காகக் கிழவன் குடித்துவிட்டுச் செதுக்கிய பொம்மை என்பதால் அரைகுறை. அந்த அரைகுறையை எவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கிறார்கள் தெரியுமா? கோணல் ஒவ்வொன்றும் கணக்குப் போட்ட கோணல். நாற்பது வருஷமாகக் கோணல் பல்லை நேராக்கிச் சாப்பிட்ட எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

இப்போது வேலு விஷயம். இதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றிவந்தேன்.

லேப் நிலைமை உனக்குத் தெரியும், முழுதாகத் தெரியாது. டாக்டர்கள் இப்போது வாயில் கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்து, ஃபைலைச் சென்னைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஜிர்கோனியா என்கிற பீங்கான் மாதிரிக் கட்டியிலிருந்து மில்லிங் மிஷின் பல்லைக் கடைந்து தள்ளுகிறது. நல்ல பல்தான், பொறாமையில் குறை சொல்லமாட்டேன். நமக்கு மிஞ்சியது பல்செட்டும், உடைந்ததை ஒட்டுவதும். பையன்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். வேலு மட்டும் காலையில் வந்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சும்மா உட்கார்ந்திருக்கிறான். மாசம் பிறந்தால் சம்பளத்தைக் கையை நீட்டி வாங்கக் கூசுகிறான். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, சேது.

வில்லியனூர்க்காரன் அவன். அவன் அப்பா சுடுமண் வேலை செய்தவர். இன்றைக்கு அந்த மண் வேலைக்குப் புவிசார் குறியீடு எல்லாம் வந்துவிட்டது, அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதால்தான் என்னிடம் வந்தான். மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிவைத்தால் அதன் குழியும் மேடும் நிஜப்பல்லைவிட நிஜமாக இருக்கும். சுவாமிமலையில் நீ எனக்குக் காட்டினாயே, மெழுகில் சாமியின் கைவிரல் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், அவருக்கு இவன் ஒரு மாற்றுக்கூடக் குறைச்சல் இல்லை.

நான் ஊர் திரும்பி இந்தக் கண்காட்சியைப் பற்றிக் கதை கதையாக அளந்தபோது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் சாயந்திரம் பார்க்கிறேன், மேஜையில் ரோஸ் மெழுகில் ஒரு கிழவன் தலை, எலுமிச்சம்பழ அளவு. பக்கத்தில் கண்ணாடித் துண்டின் மேல் வரிசையாக இமைகள். திறந்தது, முக்கால், பாதி, கால், மூடியது. ஒவ்வொன்றும் வெங்காயச் சருகு கனம். பல் நேராக்கக் கட்டும் பழைய ஆர்த்தோ கம்பியில் முறுக்கிய கழுத்து. அவன் மகனின் போனைச் செங்கல்லில் சாய்த்துவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து ஒழுக எடுத்தோம். போன் தன்னிஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்ததில் முதலில் தீபாவளி மாதிரி மினுக்கியது. பையன்தான் அதை எதையோ அமுக்கிப் பூட்டினான். அப்புறம் ஓட்டிப் பார்த்தால், கிழவன் கண் சிமிட்டினான்டா. வெறுமனே சிமிட்டவில்லை. மூடும்போது வேகம், திறக்கும்போது ஒரு சோம்பல். தூக்கம் கலைகிறவன் எப்படித் திறப்பானோ அப்படி. அதை வேலுவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கன்னத்தில் அவன் கட்டைவிரல் ரேகை படத்துக்குப் படம் நெளிந்தது. ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனான். நான் தடுத்தேன். 1933-இல் வந்த கிங்காங்கில் பொம்மைக்கு முயல் ரோமம் ஒட்டியிருந்தார்கள், தொடுகிற இடமெல்லாம் அது சிலுசிலுக்கும். பிரிஸ்டலில் ஆர்ட்மன் கம்பெனிக்காரர்களின் வாலஸ் அண்ட் குரோமிட் பொம்மைகளில் விரல் ரேகையைப் பார்க்கலாம், அதையே அழகு என்கிறார்கள். வேலுவுக்கு ஏறவில்லை. எங்கள் தொழிலில் கை பட்டது தெரிந்தால் பல் திரும்பி வந்துவிடும். துடைத்துத்தான் விட்டான்.

மகள் ஒரு கதை சொன்னாள். ஜுராசிக் பார்க் எடுக்கும்போது டைனோசர்களைப் பொம்மை அசைத்துத்தான் எடுப்பதாக இருந்தது, அதற்கு ஃபில் டிப்பெட் என்பவரை வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் செய்த டைனோசர் ஓடுவதைப் பார்த்ததும், இனி நானும் அழிந்த இனம்தான் என்றாராம் அவர். ஸ்பீல்பெர்க் அவரை அனுப்பவில்லை. விலங்கு எப்படி நடக்கும், எப்படித் திரும்பும் என்பது இந்தக் கைகளுக்குத்தான் தெரியும் என்று கூடவே வைத்துக்கொண்டார். பொம்மை எலும்புக்கூட்டில் சென்சார் மாட்டி, பழைய ஆட்கள் கையால் அசைக்க, அது கம்ப்யூட்டர் டைனோசருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் படத்துக்கு டிப்பெட்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிப்பெட்டுக்கு ஸ்பீல்பெர்க் இருந்தார், வேலுவுக்கு நான்தான் இருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். உன்னிடம் படித்த பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் விளம்பரப் படம், அனிமேஷன் என்று இருக்கிறார்கள் என்று பீற்றிக்கொள்வாயே. களிமண் பொம்மையில் அமரான் பேட்டரி விளம்பரம் வந்ததே, அந்த மாதிரி வேலை இப்போது யார் செய்கிறார்கள்? மும்பையில் சுரேஷ் எரியாட் 'டோக்ரி' என்று ஒரு குறும்படத்தைக் களிமண்ணிலேயே பல வருஷம் உழைத்து எடுத்திருக்கிறார், யூடியூபில் இருக்கிறது, பார். நம் நாட்டில் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நிறைய இல்லை. அவர்களில் ஒருத்தர் வேலுவின் இமைகளைப் பார்த்தால் போதும். பொம்மைக்குப் பல், நகம், கண்விழி, அச்சு, சிலிக்கான் வார்ப்பு, எதைக் கொடுத்தாலும் இங்கேயிருந்தே செய்து கூரியரில் அனுப்பிவிடுவான். அம்மாவை விட்டுவிட்டு வெளியூர் வரமாட்டான், அதை முதலிலேயே சொல்லிவிடு. தர்மத்துக்கு வேலை கேட்பதாக நினைத்துவிடாதே. முதலில் நீ பார்த்துவிட்டு, கை சுமார் என்று தோன்றினால் என்னிடம் நேராகச் சொல், நான் தாங்குவேன். ஆனால் 'இருப்பு' கண்ணோடு பார்க்காதே, வாத்தியார் கண்ணோடு பார்.

கிழவனின் தலையையும் இமைகளையும் பஞ்சு வைத்துச் சிகரெட் டப்பாவில் அடைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். வெயிலில் வைக்காதே, உருகிவிடும். பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்காதே.

பதிலை எழுதிப் போடு. போன் மட்டும் பண்ணாதே. வேலு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

அன்புடன்,
மணி