அவன் ஏன் 2/5 என்றான்?

அன்புள்ள தம்பிக்கு,

கணிதத்தில் முதுநிலை முடித்த கையோடு ஆசிரியர் பயிற்சியில் சேரப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். கடைசி வரியில், "பாடம்தான் தெரியுமே அக்கா, இதற்கு எதற்கு இன்னொரு படிப்பு?" என்றும் கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

நானும் அதே நினைப்போடுதான் போனேன். கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பிய பள்ளியில் எனக்கு முதல் பாடம் பின்னக் கூட்டல். குலம், வளையம் என்று உயர் இயற்கணிதம் படித்துவிட்டு வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து 2/5 என்றான். "தப்பு, உட்கார்" என்றேன். அடுத்தவளிடமிருந்து 5/6 வந்தது, பாடம் நகர்ந்தது. பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர் வகுப்பு முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் ஏன் 2/5 என்றான்?"

மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டான், வேறென்ன என்றேன். "அது எப்படி வந்தது என்பதற்குப் பதில். ஏன் வந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அவனையே கேட்டேன். "பந்தை 2 தடவை எறிந்தேன், 1 கூடையில் விழுந்தது. அப்புறம் 3 தடவை எறிந்தேன், 1 விழுந்தது. மொத்தம் 5 தடவையில் 2. சரிதானே டீச்சர்?" என்றான். சரிதான்! அவன் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் பின்னக் கூட்டலில் இரண்டும் ஒரே முழுமையின் பகுதிகளாக இருக்க வேண்டும். அவன் கையில் இருந்தவை இரண்டு வேறு முழுமைகள். இதை நானே அன்றைக்குத்தான் யோசித்தேன். ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகளை வெட்டி, ஒன்றைப் பாதியாக மடித்து அவனிடம் கொடுத்தேன். இந்தப் பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? இல்லை என்றான். 2/5 பாதியைவிடப் பெரியதா, சிறியதா? கொஞ்ச நேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

இந்த மாதிரி அறிவுக்கு லீ ஷுல்மன் என்ற கல்வி உளவியலாளர் 1986-இல் ஒரு பெயர் வைத்தார். கற்பித்தல்சார் பாட அறிவு என்று தமிழில் சொல்லலாம். பாடம் தெரிவது ஒன்று, வகுப்பை நடத்தத் தெரிவது இன்னொன்று. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள், அங்கே எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று தெரிவது மூன்றாவது. நீ சேரப்போகும் படிப்புக்கு ஓரிடத்தில் பி.எட். என்று பெயர், இன்னோரிடத்தில் பி.ஜி.சி.இ. பெயர் எதுவானாலும் அந்த மூன்றாவதைத் தேடித்தான் நீ போக வேண்டும்.

என்னுடைய "தப்பு, உட்கார்" எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். என் பழைய ஆசிரியர் ஒருவரின் குரல் அது, தொனி உட்பட. பள்ளி முடிப்பதற்குள் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி இருந்துவிடுகிறார் என்று டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் எழுதினார். அவர்கள் வகுப்பில் செய்ததைப் பார்த்தோமே தவிர, வருவதற்கு முன் என்ன யோசித்தார்கள் என்று நாம் பார்த்ததே இல்லை.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று வரும். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஏழெட்டுப் பேருக்கு ஐந்து, பத்து நிமிடம் ஒரே ஒரு திறனை மட்டும் பழகிக் கற்பிப்பது, குறை கேட்பது, மறுபடி கற்பிப்பது. உன் சக பயிற்சியாளர்களே பள்ளிப் பிள்ளைகளாக உட்கார்ந்து விரலை உயர்த்துவார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கேலி செய்து நேரத்தைக் கழித்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால் சொல்கிறேன். அங்கே காத்திருக்கப் பழகிக்கொள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டறிந்தார்; அதையே 3 நொடியாக்கினால் விடைகள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். 3 நொடி ஒன்றுமில்லை என்று தோன்றும். நாற்பது முகங்களுக்கு முன்னால் நின்று பார், எவ்வளவு நீளம் என்று புரியும். நான் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ணினேன்.

பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற உளவியலாளர்களின் கற்றல் கோட்பாடுகளையெல்லாம் தேர்வுக்கு முன் எப்படியும் படித்துவிடுவாய். பாடக் குறிப்பு எழுதி எழுதிக் கை வலிக்கும், சலிப்பாகவும் இருக்கும். ஓரத்தில் ஒரு கோடு போட்டு, "இங்கே என்ன தவறான விடை வரும்?" என்று மட்டும் நீயாக எழுதிக்கொள். யாரும் கேட்க மாட்டார்கள், மதிப்பெண்ணும் கிடையாது.

உனக்கு முதல் வகுப்பு கிடைத்ததும் 8 + 4 = □ + 5 என்று பலகையில் எழுது. 12 என்பார்கள், 17 என்பார்கள். சரியான விடை 7 என்று உடனே சொல்லிவிடாதே. 12 என்றவர்களிடம், = என்ற குறிக்கு என்ன அர்த்தம் என்று கேள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா