ஓரத்தில் பென்சிலால் எழுதியவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஐரோப்பிய வரலாற்று உரைகளின் தொகுப்பு ஒருவழியாக அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. நடுவில் என்னென்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பக் கிளற மனமில்லை. காகிதத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள், ராத்திரியில் அச்சகக் கதவைத் திறந்துவைத்தவர்கள், வரைபடங்களை மறுபடி வரைந்தவர்கள், போலந்துப் பெயர்களைச் சரிபார்த்தவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது முக்கியமாக ஒருவருக்காக. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் ஐயா அவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒற்றுப்பிழை பார்க்கத்தான் அவரிடம் படிகள் போயின. திரும்பி வந்தபோது ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பென்சிலால் 'ஜூ' அல்லது 'கி' என்று எழுதியிருந்தது: ஜூலியன் என்றால் பழைய நாட்காட்டி, கிரிகோரியன் என்றால் 1582இல் வந்த, இன்று நாம் பயன்படுத்தும் புதிய நாட்காட்டி. 1688 பற்றிய இரண்டு கட்டுரைகளுக்கு நடுவே மட்டும் ஒரு கேள்வி: "கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாரா?"

இங்கிலாந்தின் அரியணையைப் பிடித்த டச்சு இளவரசர் ஆரஞ்சு வில்லியமின் கப்பல்கள் ஹாலந்திலிருந்து புறப்பட்டது நவம்பர் 11 என்றது ஒரு கட்டுரை. அவர் இங்கிலாந்தில் டார்பேயில் கரையிறங்கியது நவம்பர் 5 என்றது அடுத்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. ஹாலந்து 1583 தொடக்கத்திலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. டச்சு ஆவணம் படித்தவர் டச்சுத் தேதியையும், ஆங்கில ஆவணம் படித்தவர் ஆங்கிலத் தேதியையும் போட்டிருந்தார்கள். பல பேர் எழுதும் தொகுப்பில் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படிப்பதில்லை. மெய்ப்பாளர் ஒருவர்தான் வரிசையாக எல்லாவற்றையும் படிக்கிறார்.

கூடவே ஒரு தாளில் கணக்கையும் எழுதிவைத்திருந்தார். மற்றவர்களுக்கும் பயன்படும். பழைய தேதியைப் புதியதாக்க, 1700 பிப்ரவரி இறுதி வரை 10 நாள் கூட்ட வேண்டும். அங்கிருந்து 1800 பிப்ரவரி இறுதி வரை 11, பிறகு 1900 வரை 12, அதற்குப் பின் 13. 1700, 1800, 1900 மூன்றும் பழைய கணக்கில் லீப் ஆண்டுகள், புதியதில் இல்லை. அதனால்தான் இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூடுகிறது.

கூட்டுவதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆங்கில மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய ஜனவரி 30, அன்றைய ஆவணங்களில் 1648, நமக்கு 1649. இன்றைய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஆண்டை மட்டும் திருத்திவிட்டு நாளைப் பழையபடியே விடுகிறார்கள். அந்தப் பாதித் திருத்தத்தை முழுத் திருத்தம் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பு. முழுக்க மாற்றிய தேதியில் மறுபடி 10 கூட்டினாலும் தப்பு.

சந்தேகம் வந்தால் கிழமையைப் பார் என்கிறார் ஐயா. நாட்காட்டி மாறியபோதும் கிழமை வரிசை அறுபடவில்லை. 1582இல் ரோமில் அக்டோபர் 4 வியாழன், மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. ஆக, கடிதத்தில் தேதியோடு கிழமையும் இருந்தால் எந்தக் கணக்கு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கிழமையும் இல்லாவிட்டால் எழுதிய ஊரைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதத்து ஒரே நாள் பிளாரன்ஸில் 1500 என்றால் பக்கத்துப் பீசாவில் 1501. இரண்டு ஊரிலும் ஆண்டுப் பிறப்பு மார்ச் 25தான், ஆனால் பீசாவின் எண் ஒன்று கூடுதல். சுவீடன் கதை இன்னும் கூத்து. 1700இல் லீப் நாளை விட்டார்கள், அப்படியே சிறுகச் சிறுகப் புதிய நாட்காட்டிக்கு மாறுவதாகத் திட்டம். 1704, 1708இல் விட மறந்தார்கள். கடைசியில் 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே சேர்த்துப் பழையதற்குத் திரும்பினார்கள். ரஷ்யாவும் சுவீடனும் மோதிய பொல்டாவா போருக்கு மூன்று தேதி இருப்பது இதனால்தான்: ரஷ்யர்களுக்கு 1709 ஜூன் 27, சுவீடன்காரர்களுக்கு ஜூன் 28, புதிய கணக்குக்காரர்களுக்கு ஜூலை 8.

நம் கரையிலும் இதே கதைதான். 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, புதுச்சேரிக் கணக்கில் 21. இதையும் ஐயாதான் குறித்திருந்தார், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியோடு.

மெய்ப்புக் கூலி பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. இந்த வேலைக்குக் கூலி எதுவும் பேசவில்லை. கொடுக்கப் போனபோதும் வாங்கவில்லை. 'வரலாறு நம் துறை, எழுத்துப்பிழை அவர் துறை' என்று பிரித்துவைத்துப் பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இனி எங்கள் தொகுப்புகளில் 1582க்குப் பிற்பட்ட எந்தத் தேதியும் கணக்கின் பெயர் இல்லாமல் அச்சேறாது. தேவைப்படும் இடத்தில் இரண்டு தேதியும் சாய்கோட்டோடு வரும். அடுத்த தொகுதி ரஷ்யா: அக்டோபர் 25இல் நடந்த புரட்சிக்கு நவம்பர் 7இல் விழா எடுத்த நாடு. கட்டுரைகள் வந்ததும், தட்டச்சுக்குப் போகும் முன்பே முதல் படி ஐயாவுக்குப் போகும். இந்த முறை கூலியை முதலிலேயே பேசிவிடுவோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்